வீட்டு மருத்துவக் கழிவும் நம் பொறுப்பும்

மருந்து ஊசி முன்னாளில் வைத்தியசாலைக்கு உரிய பொருளாக இருந்தது. இன்றோ நீரிழிவு நோயாளர் பலர் வீட்டிலேயே இன்சுலினைச் செலுத்திக்கொள்கின்றனர். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மாத்திரைகளை இல்லந்தோறும் கொணரும் முறையை ஏற்படுத்திற்று. மருந்து வீட்டுக்கு வந்தபின், அதன் கழிவை அகற்றும் பொறுப்பும் வீட்டாருடையதே.

இக்கழிவால் யாருக்கு அபாயம்? குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கே முதல் அபாயம். ஊசியில் ஒட்டிய இரத்தத்தின் வழியே ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாட்களேனும் வீரியம் குன்றாதிருக்கும். ஆகையால், காய்ந்த ஊசி தீங்கற்றது என எண்ணலாகாது. குப்பை உரத்தோடு வயலுக்குச் சென்றால் அது உழவர் காலிலும் தைக்கும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகளாவன:

1. ஊசியை வளைக்கவோ ஒடிக்கவோ கூடாது. பயன்படுத்திய உடனே, திருகுமூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் இட வேண்டும். மெல்லிய தண்ணீர்ப் பாட்டிலும் கண்ணாடிக் குப்பியும் இதற்கு உதவா.

2. டப்பாவின்மேல் 'ஊசி - அபாயம்' என எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடிவிட வேண்டும்.

3. காலாவதியான மாத்திரைகளைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. நீரில் கலக்கும் கிருமிக்கொல்லி மருந்துகள், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடந்தரும்.

4. எதையும் கொல்லையில் எரிக்கலாகாது. பிளாஸ்டிக்கின் புகை நஞ்சு. ஊசியோ எரியாமல் சாம்பலில் மறைந்து கிடக்கும்.

5. எவருக்கேனும் ஊசி குத்திவிட்டால், அவ்விடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது அவசியம்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஊசி, காலாவதி மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி முதலியவற்றை வீட்டு அபாயக் கழிவு என வகுத்தன. ஆயினும், இவற்றைத் தனியே பெறும் ஏற்பாடு எல்லா ஊரிலும் ஒரே சீராக இல்லை. தனி ஒருவர் கேட்டுப் பெற இயலாததைச் சங்கம் கேட்டுப் பெறலாம். உள்ளாட்சி மன்றத்தோடும் ஆரம்ப சுகாதார நிலையத்தோடும் கலந்து பேசி, டப்பாக்களை ஒப்படைக்க மாதம் ஒரு நாளையும் ஓரிடத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

தறிக்காரருக்கும் உழவருக்கும் கையே மூலதனம். தூய்மைப் பணியாளருக்கும் அஃதே. அங்கத்தினர்கள் இதனை அடுத்த மாதக் கூட்டத்தின் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வார்களாக.