எலி மருந்தும் செயற்கை ரத்தக்குழாயும்

"எலிக்கு வைக்கிற மருந்தைத்தான் மனுசனுக்கும் கொடுக்கிறாங்க!" கூலிம், பாடாங் செராய் பக்கத்து ஒட்டுக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. காலில் செயற்கை ரத்தக்குழாய் வைத்து வீடு திரும்பியவரிடம் யாரோ இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். மறுநாள், ரத்தம் உறைந்து குழாய் அடைக்காமல் இருக்கக் கொடுத்த மாத்திரை குப்பைக்குப் போகிறது. ஒரு காலையே பறித்துவிடக்கூடிய பேச்சு.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இது சாகாமல் உலவுகிறது. செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு வைத்த மெழுகுக் கட்டிகளில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இருந்தது உண்மை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. காரணமான பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. 1955இல் மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவரும் அதைச் சாப்பிட்டார். எலி நாள்கணக்கில் அளவில்லாமல் தின்று சாகிறது. நோயாளிக்குச் சில மில்லிகிராம்தான், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து அளவைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். மிஞ்சினால் முறிக்க வைட்டமின் கே இருக்கிறது.

அதைவிடக் கொடுமை, தூக்கி எறியப்படும் மாத்திரை பெரும்பாலும் வார்ஃபரினே அல்ல. கால் பைபாஸ் செய்துகொண்ட 2,690 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. சொந்த ரத்தநாளத்தை எடுத்துத் தைத்தவர்களுக்கு வார்ஃபரின் வகை மருந்தும், செயற்கைக் குழாய் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் அடைப்பை நன்றாகத் தடுத்தன. ஆஸ்பிரினுக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?

"நாலு மாசத்தில் குழாய் சதையோடு சேர்ந்துவிடும், பிறகு மருந்து வேண்டாம்" என்பது அடுத்த கதை. நம் ரத்தக்குழாயின் உட்புறத்தில் உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று ரத்தத்தை உறையவிடாமல் காக்கிறது. டேக்ரான், பி.டி.எஃப்.இ. போன்ற செயற்கைக் குழாய்களில் அந்தப் படலம் தையலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் படர்வதில்லை. மீதி, எத்தனை வருடமானாலும் பிளாஸ்டிக்தான்.

மாத்திரைக்குப் பதிலாகப் பூண்டு போதுமா? போதாது. மாத்திரையோடு அளவுக்கு மீறிச் சேர்த்தால் ரத்தக்கசிவுதான் கூடும். டயாலிசிஸுக்காகக் கையில் குழாய் வைத்த எல்லாரும் வார்ஃபரின் சாப்பிட வேண்டும் என்பதும் தவறு. 2002இல் வெளியான கனடிய ஆய்வில் பலன் தெரியவில்லை, கடும் ரத்தக்கசிவே தெரிந்தது.

குழாய் வைக்கும் நிலைக்கு ஆட்களைத் தள்ளுவது சிகரெட்டும் இனிப்பு நீரும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை மேசை போட நிர்வாகங்கள் இந்த ஆண்டே முன்வர வேண்டும்.

பல் பிடுங்கப் போனாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குழாய் வைத்த கால் திடீரெனச் சில்லிட்டு, வெளிறி, மரத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது கடினம்.