200 பூச்சியும் 201 பூச்சியும்

போன மாதம் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி தன் செல்போனை நீட்டினார். புதுசா ஒரு செயலி. வயலைப் படம் எடுத்துப் போட்டால் என்ன பூச்சி, எப்போது பெருகும், என்ன மருந்து அடிக்கணும் எல்லாம் சொல்லுமாம். "அண்ணே, நீங்க கம்ப்யூட்டர் படிச்சவர்தானே, இதை நம்பலாமா?" என்று கேட்டார்.

நான் படித்தது கணினி அறிவியல். இப்போது செய்வது களமருதூரில் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் உளுந்தும். இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தும் அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். போட்டுப் பார்த்தால்தான் இது புரியும்.

கால்குலேட்டர் பாடம்

ராபர்ட் மே ஆஸ்திரேலியாவில் இயற்பியல் படித்தவர், பிறகு உயிர்ச்சூழல் ஆய்வுக்கு வந்தார். 1976-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூச்சிக் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்பதற்கு அதில் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு ஒரே ஒரு வரிதான்.

நம்ம வயல் 1000 பூச்சியைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 200 பூச்சி இருக்கிறது. தின்ன நிறைய இருந்தால் ஒவ்வொன்றும் அடுத்த தலைமுறையில் நாலாகும். கூட்டம் கூடக்கூட இரை போதாமல் அந்தப் பெருக்கம் குறையும். ஆகவே கணக்கு இப்படி: 4 × பூச்சி எண்ணிக்கை × (1000 − பூச்சி எண்ணிக்கை) ÷ 1000.

200 போட்டால் 4 × 200 × 800 ÷ 1000 = 640. அந்த 640-ஐத் திரும்பப் போடுங்கள், 921.6 வரும். அதையும் திரும்பப் போடுங்கள். இப்படிப் பத்துத் தலைமுறை போங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களை வெட்டாதீர்கள். தோராயமாக இப்படி வரும்:

640, 922, 289, 822, 585, 971, 113, 402, 962, 148.

இப்போது 200-க்குப் பதில் 201-இல் தொடங்குங்கள். கூடுதல் ஒரே ஒரு பூச்சிதான்:

642, 919, 298, 837, 546, 992, 33, 129, 449, 989.

முதல் நாலு தலைமுறை இரண்டு வரிசையும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே போகிறது. ஏழாவதில் பிரிகிறது. பத்தாவதில் ஒரு வயலில் 148 பூச்சி, இன்னொரு வயலில் 989. ஒன்றில் அறுவடை உண்டு, ஒன்றில் வைக்கோல்கூடத் தேறாது.

இதில் குலுக்கல் சீட்டு எதுவும் இல்லை. கணக்கு ஒன்றேதான், அது மாறவும் இல்லை. ஆனாலும் தொடக்கத்தில் இருந்த கடுகளவு வித்தியாசம் வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. இதைத்தான் 'கேயாஸ்' என்கிறார்கள். விதி தெரிந்தும் வெகுதூரம் சொல்ல முடியாத நிலை இது.

200-ஐயும் 201-ஐயும் பிரித்து எண்ண வயலில் யாரால் முடியும்? 200-க்கும் 260-க்குமே நமக்கு வித்தியாசம் தெரியாது. 260 போட்டுப் பாருங்கள். மூன்றாம் தலைமுறையிலேயே 289-க்குப் பதில் 825 வந்து நிற்கும்.

மழைக்கும் இதே கதை

இது அதற்கு முன்பே வானிலைக் கணக்கிலும் பிடிபட்டது. 1961-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓட்டிய கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். 0.506127 என்று போட வேண்டிய இடத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்து 0.506 என்று போட்டார். கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு வானிலையே வந்து நின்றது.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை நம்ம பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட பிறகு நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. புயல் வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. எந்த ஊர் வயல் எத்தனை நாள் தண்ணீரில் நிற்கும் என்று ஒரு வாரம் முன்னால் சொல்வது வேறு விஷயம். அதனால்தான் இன்றைக்கு வானிலை மையங்கள் ஒரே கணக்கைத் தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டுகின்றன. பத்தில் ஏழு தடவை மழை வந்தால் 'வாய்ப்பு அதிகம்' என்கிறார்கள். தன் கணிப்பு எங்கே தடுமாறும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

காகிதத்தில் மட்டும்தான் பூச்சி இப்படி ஆடும் என்று நினைக்க வேண்டாம். நம்ம வீட்டு மாவில் வருமே அந்தச் சிவப்பு வண்டு, அதைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து எண்ணிப் பார்த்தார்கள். சில நிலைமைகளில் அதன் எண்ணிக்கை கேயாஸாக ஆடுவதை 1997-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

நாலை இரண்டாக்குங்கள்

இனிமேல்தான் நமக்கு வேண்டிய பாடம். அதே கணக்கில் 4 இருக்கும் இடத்தில் 2 போடுங்கள். 200-இல் தொடங்கினால் 320, 435, 492, 500, 500... அங்கேயே நின்றுவிடும். 201, 260 எதில் தொடங்கினாலும் கடைசியில் 500-தான். எண்ணியதில் இருந்த பிழையெல்லாம் கரைந்துபோகிறது. பெருக்க எண் 3-ஐத் தாண்டினால் எண்ணிக்கை மேலும் கீழுமாக ஆட ஆரம்பிக்கும். சுமார் 3.57-ஐத் தாண்டினால் கேயாஸ் தலைகாட்டும்.

எத்தனை பூச்சி இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை மடங்காகப் பெருகுகிறது என்பதுதான் முக்கியம். நிஜ வயல் இந்த ஒரு வரிக் கணக்கைவிடச் சிக்கலானதுதான். ஆனால் இந்தப் பாடம் புகையானுக்கு அப்படியே பொருந்தும்.

சில வருஷத்துக்கு முன் என் சம்பா நடவில் அங்கங்கே புகையான் தெரிந்தது. பயந்துபோய் மருந்துக் கடையில் கேட்டு அடித்தேன். இரண்டு நாள் வயல் சுத்தமாக இருந்தது. மூன்று வாரத்தில் நடு வயலில் வட்ட வட்டமாகக் கருகிப் புகைந்த மாதிரி ஆகிவிட்டது. அடிக்காத பக்கத்து வயல் பச்சையாக நின்றது. பிறகுதான் விளங்கியது. புகையான் முட்டை இலையுறைக்குள்ளே பத்திரமாக இருக்கும், மருந்து அங்கே போகாது. வெளியே திரிந்த சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப் பூச்சியும்தான் செத்தன. நான் எண்ணிக்கையைக் குறைத்தேன், பெருக்க எண்ணைக் கூட்டிவிட்டேன். போதாததுக்கு அந்த வருஷம் யூரியாவும் கூடுதல். தழைச்சத்து ஏறிய பயிரில் புகையான் அதிகம் முட்டையிடும்.

இந்தத் தப்பை ஒரு நாடே செய்து திருந்தியிருக்கிறது. இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. 1986-இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு அடித்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. பிறகு உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கி, உழவர்களே வயலில் இறங்கிப் பூச்சியையும் அதன் எதிரியையும் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள்.

பெருக்க எண்ணைக் குறைக்கும் வேலைகள் நமக்குத் தெரிந்தவைதான். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவது, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டுவது, தழைச்சத்தை அளவோடு கொடுப்பது, வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டுச் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் இடம் கொடுப்பது.

மின்மினி சொல்லும் வழி

சரி, எண்ணுவது எப்படி? ஒரு ஆள் ஊர் முழுக்க எண்ண முடியாது. இதற்கும் கணினி ஆய்வில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதை அவர்கள் எடுத்துக்கொண்டதே பூச்சிகளிடமிருந்துதான்.

2005-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. என். கிருஷ்ணானந்த், தேபாசிஷ் கோஸ் என்ற இருவர் மின்மினியை வைத்து ஒரு அல்காரிதம் உருவாக்கினார்கள். அல்காரிதம் என்றால் படிப்படியான செய்முறை, அவ்வளவுதான். நிறைய சின்ன ரோபோக்களை ஒரு இடத்தில் சிதறவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தான் நிற்கும் இடத்தில் தேடும் பொருள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பிரகாசமாக ஒவ்வொன்றும் ஒளிரும். ஒவ்வொன்றும் தன் கண்ணுக்கு எட்டிய பக்கத்து ரோபோக்களை மட்டும் பார்க்கும். தன்னைவிடப் பிரகாசமான ஒன்றை நோக்கி ஒரு அடி நகரும். தலைவர் கிடையாது, மேலிருந்து கட்டளை கிடையாது, முழு வரைபடமும் யாரிடமும் இல்லை.

எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. பார்வை எல்லை சிறியதாக இருப்பதால் கூட்டம் தானாகப் பல குழுக்களாகப் பிரிந்து, ஒரே நேரத்தில் பல உச்சங்களைக் கண்டுபிடிக்கும். மூன்று இடத்தில் கசிவு இருந்தால் மூன்றையும் காட்டும்.

2014-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராதிகா நாக்பால் குழுவினர் 1024 குட்டி ரோபோக்களை இப்படித் தலைவர் இல்லாமலே நட்சத்திர வடிவில் வந்து நிற்க வைத்தார்கள். ஒவ்வொன்றும் பேசியது பக்கத்தில் இருந்ததோடு மட்டும். திரள் ரோபோ ஆய்வு என்பது இதுதான்.

பூச்சியும் ஊரில் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு திட்டு, மேட்டு வயலில் ஒரு திட்டு என்றுதான் கிளம்பும். தாலுகாவுக்கு ஒரு அறிவிப்பு வந்தால் அந்தத் திட்டுகள் அதில் தெரியாது. பத்து உழவர் அவரவர் வயலை எண்ணி, வரப்புப் பக்கத்தாரிடம் சொன்னால் தெரியும்.

திங்கட்கிழமை நோட்டு

வாரம் ஒரு நாள், காலையில், வயலின் குறுக்கே கோணலாக நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். குத்தின் அடியைத் தட்டி, விழும் புகையானை எண்ணுங்கள். சிலந்தியையும் எண்ணுங்கள். நோட்டில் நாலு கட்டம் போதும்: தேதி, புகையான், சிலந்தி, போன வாரத்தைப் போல் எத்தனை மடங்கு.

எடுத்துக்காட்டாக 20 குத்தில் முதல் வாரம் 40, அடுத்த வாரம் 60, அதற்கடுத்து 66 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரமும் ஏறித்தான் இருக்கிறது, பார்த்தால் பயம் வரும். ஆனால் மடங்கைப் பாருங்கள்: 60-ஐ 40-ஆல் வகுத்தால் 1.5, 66-ஐ 60-ஆல் வகுத்தால் 1.1. ஏற்றம் தளர்கிறது, சிலந்தி வேலை செய்கிறது. குத்துக்கு 15 தூர் என்றால் 20 குத்தில் 300 தூர். 66 பூச்சி என்பது தூருக்கு கால் பூச்சிகூட இல்லை. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதாரச் சேத நிலை, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மடங்கு 2-ஐத் தொட்டு, எல்லையும் நெருங்கினால் தண்ணீரை வடியுங்கள், 5 சதவிகித வேப்பங்கொட்டைச் சாற்றைத் தூரின் அடியில் படும்படி தெளியுங்கள்.

இந்த மடங்கும் நாம் முதலில் பார்த்த 4-ம் சரியாக ஒன்றே அல்ல. ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிவிடும்.

ஏன் வாராவாரம்? எறும்பைப் பாருங்கள். அது போகிற வழியில் வாசனை வைத்துக்கொண்டு போகும். புதுப்பிக்காவிட்டால் அந்த வாசனை ஆவியாகிவிடும். அதனால்தான் இரை தீர்ந்த பழைய வழியிலேயே கூட்டம் அலைவதில்லை. இத்தாலியின் மிலான் நகரில் மார்கோ டோரிகோ 1992-இல் இதையே கணினிச் செய்முறையாக்கினார். பூச்சிக் கணக்கும் அப்படித்தான். மூன்று வாரப் பழைய எண்ணை வைத்து இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். முதல் நாலு தலைமுறை இரண்டு வரிசையும் சேர்ந்தே போனது நினைவிருக்கிறதா? கிட்டத்துக் கணிப்பு நிற்கும், தூரத்துக் கணிப்பு நிற்காது. மறுபடி எண்ணும்போதெல்லாம் நாம் கிட்டத்துக்கே வந்துவிடுகிறோம்.

தம்பிக்குப் பதில்

படத்தைப் பார்த்து இது என்ன பூச்சி என்று சொல்ல அந்தச் செயலி உதவட்டும், தப்பில்லை. எப்போது பெருகும், என்ன அடிக்கணும் என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கணக்கு யாருடைய வயலில் எண்ணியது? என்றைக்கு எண்ணியது? என் வயலில் இருக்கும் சிலந்தியை எண்ணியதா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது மருந்துக் கடையில் கேட்டு வந்த பேச்சுதான், பேசுவது மட்டும் செல்போன். கடைசிக் கேள்வி முக்கியம். பூச்சியை மட்டும் எண்ணி எதிரியை எண்ணாத கணக்கு எப்போதும் 'அடி' என்றுதான் சொல்லும்.

அந்தத் தம்பியும் நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து வருகிற சம்பாவில் திங்கட்கிழமை நோட்டு போடுவதாக இருக்கிறோம். உங்கள் ஊரிலும் பக்கத்துப் பக்கத்து வயல்காரர் அஞ்சு பேர் சேருங்கள். ஒரு இருபது ரூபாய் நோட்டும் பேனாவும் போதும். அறுவடை முடிந்ததும் நோட்டோடு கூட்டத்துக்கு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து மடங்கு போட்டுப் பார்ப்போம்.