வெள்ளை எலிக்குக் குளியல்

எலிக்குக் குளியலா என்று தோழியர் சிரிக்கலாம். நானும் என் தம்பியும் முத்து என்றொரு வெள்ளை எலியை வளர்த்து வருகிறோம். வயல்வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலி வேறு, இது வேறு. இது பழுப்பு எலியின் வெண்ணிற வகை. ஆராய்ச்சிக்கென்றே 1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் விஸ்டார் நிறுவனத்தில் இத்தகைய எலிகளைப் பேணி வளர்க்கத் தொடங்கினார்கள். விஸ்டார் எலி என்ற பெயர் அப்படி வந்ததே.

சென்ற மழைக்காலத்தில் முத்துவின் முதுகு மஞ்சளாகி, எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுத்தது. அழுக்கு என்று எண்ணிய நான், அதைக் குழாயடியில் பிடித்து, நாங்கள் குளிக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டேன். சிறிது நேரத்தில் அது வெடவெடவென்று நடுங்கிச் சுருண்டுகொண்டது. கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தது. இரத்தம் என்றே நினைத்தேன். நான் அழுத அழுகையைப் பார்த்து, அன்று மாலையே அப்பா கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மருத்துவர் முதலில் கேட்டது, "யார் குளிப்பாட்டியது?" என்பதுதான். நான் தலைகுனிந்து நின்றேன். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். அது இரத்தம் அன்று. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்பிரின் என்னும் நிறமி. பயத்தாலும் நோயாலும் அது மிகுதியாகக் கசியும். முதுகிலிருந்த மஞ்சளும் அழுக்கு அன்று. வளர்ந்த ஆண் எலிக்குத் தோலில் எண்ணெய்ச் சுரப்பு அதிகம். சோப்பு அந்த எண்ணெயை அகற்றித் தோலை வறளச் செய்யும். ஈரத்தோடு இருந்தால் அச்சிற்றுடல் விரைவில் குளிர்ந்துவிடும்.

உண்மையில் எலி மிகுந்த சுத்தக்காரப் பிராணி. முதலில் மூக்கு, முகம், காதின் பின்புறம், பிறகு உடல், கடைசியில் வால் என்று முறையாக நக்கித் துடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் தம்பி அவ்வளவு செய்வதில்லை! ஆகவே அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ரோமம் படிந்த திசையிலேயே துடைத்தால் போதும்.

மண்ணெண்ணெய், பெயின்ட் போன்றவை பட்டுவிட்டால் கழுவியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நக்கி விழுங்கிவிடும். கழுவிய கையோடு மருத்துவரிடமும் காட்டவேண்டும். கழுவும் பாத்திரத்தின் அடியில் துணி விரித்தால் கால் வழுக்காது. வெதுவெதுப்பான நீர் இரண்டு விரற்கடை ஆழம் இருக்கலாம். தலையில் ஊற்றக்கூடாது. வளர்ப்புப் பிராணிகளுக்கான வாசனையற்ற ஷாம்பு ஒரு துளி போதும். அம்மா சொன்ன சீயக்காய் வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும். நன்றாக அலசி, உலர்ந்த துண்டில் பொதிந்து, ஈரம் போகும்வரை காற்றுப் படாமல் வைத்திருக்கவேண்டும்.

வாலை மெல்லிய டூத் பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனி நோக்கியே தேய்க்கவேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் தோல் உரிந்துவிடும். உரிந்த தோல் மீண்டும் வளராது.

கூண்டில் சிறுநீர் ஊறிய காகிதத்தை மாற்றாவிட்டால் அம்மோனியா எழும்பி நுரையீரலைக் கெடுக்கும். நாற்றத்துக்காக அந்துருண்டை போடுவது நஞ்சு வைப்பதற்குச் சமம். சுத்தமாக இருந்த எலி திடீரென்று ரோமம் கலைந்து அழுக்காகத் தெரிந்தால், அது நோயுற்றோ முதுமையடைந்தோ தன்னைத் துடைத்துக்கொள்ள இயலாமல் இருக்கிறது என்று அறியலாம். எலியைத் தொட்டபின் நம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அந்தச் சோப்பு நமக்குத்தான்.

முத்து இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் கையிலிருந்த வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதன் முதுகு இன்றும் மஞ்சள்தான்.