வேலையின் வடிவம்

ஒரு வேலைக்கு எத்துணை ஆள் வேண்டும், எத்துணை நாள் வேண்டும் என வினவுவோர் பலர்; அவ்வாட்கள் எந்நாளில் எத்துணையர் என வினவுவோர் சிலரே. இப்பின்னை வினாவின் அருமையைத் தாம்பரத்தைச் சூழ வாழ்வோர் நன்குணர்வர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை முடிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்துள் மூழ்கின. ஆதலின் இங்கு மழைநீர்க் கால்வாய் கட்டுவோர்க்கு வடகிழக்குப் பருவமழையே கெடு. அது பெரும்பாலும் அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்கும்.

ஒரு தெருவின் கால்வாய்க்கு 400 ஆள்நாள் உழைப்பு வேண்டும் என்க. நாடோறும் 20 ஆள் வரின் 20 வேலைநாளில் முடியும். செப்டம்பர் முதல் நாள் தொடங்கினால் அம்மாதத்துள்ளேயே முடியும். வேலைத்திட்டம் வகுக்கும் மென்பொருள்களுள் ஒன்றாகிய மைக்ரோசாப்ட் புராஜெக்டும், நாம் வேறு கூறாவிடின், உழைப்பை இவ்வாறே சமமாகப் பரப்பும். மெய்யான வேலை அவ்வாறு நடப்பதன்று. முதற்கண் தெருவை அளந்து குறியிடச் சிலரே போதும். பின்னர்த் தோண்டுவோரும் கம்பி கட்டுவோரும் கொத்தனாரும் ஒருங்கே திரள்வர். இறுதியில் மூடி பொருத்தவும் மண் தள்ளவும் மீண்டும் சிலரே எஞ்சுவர்.

இவ்வேற்றத்தாழ்வைக் குறிக்க அம்மென்பொருளில் சில வடிவங்கள் உள. மணி வடிவமாவது, காலத்தைப் பத்துக் கூறாக்கி, முதற்கூறில் நூற்றுக்கு 10, பின் 20, 40, 80 என ஏறி, நடுவிரு கூறுகளில் 100 ஆகி, ஏறியவாறே இறங்குவது. ஆமை வடிவம் 25இல் தொடங்கி, உயர்ந்து, நெடிது நிற்கும். (ஆமையின் முதுகைக் கண்டு பெயரிட்டவர் வாழ்க!) பளுவெல்லாம் கடைசியில் ஏறும் வடிவமும் ஒன்றுண்டு, தேர்வுக்கு முந்திய வாரத்தில் நூலைத் தேடும் நம்மனோர்க்கு அதனை விளக்க வேண்டா.

மணி வடிவின் சராசரி நூற்றுக்கு 50. ஆதலின் உச்சத்தில் 20 ஆளே எனின், அதே 400 ஆள்நாள் 40 வேலைநாளாக நீளும். வாரத்துக்கு 6 நாள் வேலையெனின் ஏறக்குறைய 7 வாரம்; இடையே ஆயுத பூசை விடுமுறையும் வரின், வேலை முடியுமுன் மழையே வந்து நிற்கும். ஓர் ஆள்நாளேனும் கூடவில்லை. வடிவம் ஒன்றே மாறிற்று. இல்லை, 20 நாளிலேயே முடிப்பேம் என்பார் உச்சத்தில் 40 ஆளை நிறுத்தல் வேண்டும். குறுந்தெருவில் நாற்பதின்மர் நின்று மண்வெட்டி வீச இடம் ஏது? திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன 48 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கும் அதிகாரங்கள். பகைமேற் செல்லும் அரசனை நோக்கி எழுந்தவையாயினும், கால்வாய் வெட்டுவோனும் இம்மூன்றையும் பிரித்தெண்ண இயலாது.

ஆகவே எளிதில் மாற்றத்தக்கது தொடக்க நாளே. ஜூலைத் தொடக்கத்தில் கடப்பாறை விழுமாயின், தென்மேற்குப் பருவத்து மாலை மழை சில நாளைக் கவர்ந்தாலும், ஆகஸ்டு இறுதியில் கால்வாய் நீருக்கு அணியமாகும்.

இன்னும் ஒன்றுண்டு. காங்கிரீட் இட்டபின் 7 நாளேனும் ஈரங் காயாது காத்தல் வேண்டும். நீரூற்ற ஓராள் போதும், நாட்களோ குறையா. ஆள்நாளை மட்டும் கூட்டும் கணக்கில் இவ்வாரம் பெரும்பாலும் புலப்படாது. இதனைத் தனி வேலையாக எழுதி, அடுத்த வேலையை இதன்பின் பிணைத்தாலன்றி மென்பொருள் இதனை அறியாது.