குழந்தை கையில் கத்தி கொடுக்கலாமா?

கடைகளில் ஒரு வகை மடக்குக் கத்தி விற்கிறது. அதற்குள்ளேயே கத்தரிக்கோல், திருப்புளி, குறடு எல்லாம் இருக்கும். குழந்தைகளுக்கென்றும் இதைச் செய்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?

“கொடுக்கலாம்” என்கிறார்கள் சிலர். வேலை செய்தால்தான் கை பழகும். அறிவும் வளரும். காந்தியடிகளும் 1937இல் வார்தா மாநாட்டில் இதைத்தான் சொன்னார். கைத்தொழில் வழியே கல்வி தர வேண்டும் என்றார்.

“வேண்டாம்” என்கிறார்கள் சிலர். பூட்டு இல்லாத மடக்குக் கத்தி சட்டென்று மடங்கும். விரலை வெட்டிவிடும்.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் லெதர்மேன் நிறுவனம் 2013இல் குழந்தைகளுக்காக ‘லீப்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் கத்தியை மட்டும் தனியாக வைத்தார்கள். பிள்ளை பழகிய பிறகு பெற்றோர் அதைப் பொருத்தலாம்.

நாமும் படிப்படியாகப் பழக்குவோம். முதலில் திருப்புளி. அடுத்து கத்தரிக்கோல். கடைசியில் கத்தி. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கம் போக வேண்டும். திருப்புளியோடு சுவிட்சுப் பக்கம் போகவே கூடாது.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மண், சாம்பல் வைக்காதீர்கள். ஆழமான காயம் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்பார். 10 வயதிலும் 16 வயதிலும் அரசு மருத்துவமனையில் அதை இலவசமாகப் போடுகிறார்கள்.

கருவி கெட்டதல்ல. பழக்காமல் கொடுப்பதுதான் கெட்டது.

பேசிப் பார்ப்போம்:
1. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் எந்தக் கருவியைப் பழக்குவீர்கள்?
2. காயத்தில் மண் வைக்கலாமா?