மூன்றாண்டுப் பயிரும் பன்னிரண்டு நிமிடச் சமையலும்

ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலம் நீங்கி வசந்தம் பிறந்ததும் சந்தைக்கு வரும் முதற் காய்கறிகளுள் ஆஸ்பராகஸ் ஒன்று. ஈஸ்டர் பெருநாளை ஒட்டியும் அதை அடுத்தும் வரும் வாரங்களில் ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் வீடுகளில் இதற்குத் தனி வரவேற்பு உண்டு. பென்சில் முதல் கட்டைவிரல் வரை பருமனும், ஒரு சாண் நீளமும், நுனியில் மொட்டுப்போல் குவிந்த செதில்களும் உடைய பச்சைத் தண்டு இது. காயுமன்று, கீரையுமன்று, மண்ணுக்கடியிலிருந்து கிளம்பும் இளந்தளிர். மூங்கிற் குருத்தை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை நமக்கு எளிதில் விளங்கும்.

மனையியல் பாடத்தில் ஈரவெப்பம், உலர்வெப்பம் என இருவகைச் சமையல் முறைகளைப் படிக்கிறோம். நீரிலோ நீராவியிலோ வேகவைப்பது முதல்வகை. சூடான காற்றாலோ எண்ணெயாலோ பக்குவப்படுத்துவது இரண்டாம்வகை. இவற்றின் வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்த, ஆஸ்பராகஸை ஓவனில் வாட்டி எடுப்பது நல்லதோர் எடுத்துக்காட்டு. எண்ணெய், உப்பு, வெப்பம் ஆகிய மூன்றே இதற்கு வேண்டுவன. ஆயினும் ஐந்து நிமிடம் கவனம் தவறினால் உணவு கெட்டுவிடும். செய்முறையோடு அதன் காரணத்தையும் இங்கே காண்போம்.

பயிரும் பொறுமையும்

நம் சித்த மருத்துவத்தில் பயன்படும் தண்ணீர்விட்டான் கிழங்கைத் தரும் கொடி ஆஸ்பராகஸுக்கு நெருங்கிய உறவு. தாவரநூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளனர். அதன் கிழங்கை நாம் மருந்தாகக் கொள்கிறோம். இதன் தளிரை ஐரோப்பியர் உணவாகக் கொள்கின்றனர்.

பழைய உரோமையரும் இதை விரும்பி உண்டனர். இயேசு பிறந்த காலத்தில் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டவராக நற்செய்தியில் நாம் காணும் அகுஸ்து சீசர், ஒரு வேலை மிக விரைவில் முடிவதைச் சொல்ல, ஆஸ்பராகஸ் வேகும் நேரத்தையே அளவாகக் கூறுவாராம். சுவெத்தோனியுஸ் என்னும் உரோமை வரலாற்றாசிரியர் இதைக் குறித்துள்ளார். சிறிது நேரமே வேகவேண்டிய பொருள் இது என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

சமைப்பதுதான் விரைவு, பயிரிடுவதோ நெடும்பொறுமை. வேரை நட்ட முதல் ஆண்டில் மெல்லிய தண்டுகள் எழும். உழவர் அவற்றை வெட்டுவதில்லை. இரண்டாம் ஆண்டும் பெரும்பாலும் விட்டுவிடுவர். மூன்றாம் ஆண்டில்தான் முறையான அறுவடை. வெட்டாமல் விட்ட தண்டுகள் ஆளுயரம் வளர்ந்து, மெல்லிய பசுங்கிளைகளாக விரிந்து, சூரிய ஒளியில் உணவு தயாரித்து வேருக்கு அனுப்புகின்றன. அந்தச் சேமிப்பே அடுத்த வசந்தத்தில் தளிராக வெளிவருகிறது. நன்கு பேணப்பட்ட பாத்தி 15 முதல் 20 ஆண்டுகள் வரை பலன் தரும்.

அறுவடைக்கும் ஓர் எல்லை உண்டு. ஜூன் 24, புனித ஸ்நாபக அருளப்பரின் பிறப்புத் திருவிழா. ஜெர்மனியில் அந்நாளோடு ஆஸ்பராகஸ் வெட்டுவதை நிறுத்துவது நெடுநாள் வழக்கம். அதன் பின்னும் மண்ணிலிருந்து தளிர் வந்துகொண்டுதான் இருக்கும். வாங்குவோரும் இருப்பர். ஆயினும் நிறுத்திவிடுவர். நிறுத்தாவிடில் வேரிலுள்ள சேமிப்புக் குறைந்து, மறு ஆண்டின் விளைச்சல் மெலியும்.

ஜெர்மானியர் பெரிதும் விரும்புவது வெள்ளை ஆஸ்பராகஸ். அது வேறு செடியன்று. மண்ணை மேலே குவித்து, ஒளி படாமல் வளர்ப்பதால் பச்சையம் உண்டாவதில்லை. அதன் தோல் தடிப்பானது. ஆகவே அதைச் சீவிவிட்டு நீரில் வேகவைப்பதே வழக்கம். ஓவனில் வாட்டுவதற்கு ஏற்றது பச்சை வகையே.

நல்லதைத் தேர்ந்தெடுத்தல்

வெட்டியெடுத்த பின்னும் தண்டு சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. காய்கறிகளுள் மிக வேகமாகச் சுவாசிப்பவற்றில் ஆஸ்பராகஸும் ஒன்று. சுவாசிக்கச் சுவாசிக்க அதிலுள்ள சர்க்கரை செலவாகி இனிப்புக் குறைகிறது. அடிப்பகுதியில் லிக்னின் என்னும் பொருள் மிகுந்து, நார் தடித்துவிடுகிறது. மரத்திற்கு உறுதி தருவதும் இந்த லிக்னின்தான். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இந்த நார் மெதுவாகாது.

ஆகவே நுனி இறுகக் குவிந்ததாய், தண்டு விறைப்பாய், வெட்டிய இடம் காயாததாய்ப் பார்த்து வாங்கவேண்டும். உடனே சமைக்காவிடில், அடிப்பாகம் ஓர் அங்குலம் நீரில் நிற்குமாறு ஒரு பாத்திரத்தில் நிறுத்தி, குளிர்பெட்டியில் வைத்து, இரண்டொரு நாளில் பயன்படுத்திவிடுவது நலம். பருமனான தண்டு முற்றியது என்று எண்ணிவிடக் கூடாது. பருமன் வேரின் வலிமையையும் செடியின் இரகத்தையும் பொறுத்தது. முற்றலைக் காட்டுவது காய்ந்த அடியும் விரிந்த நுனியும்தான். ஒரே பருமனுள்ளவற்றை வாங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

செய்முறை

நால்வருக்குத் தேவையானவை: ஆஸ்பராகஸ் 450 கிராம், ஒலிவ எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது, எலுமிச்சம்பழம் அரை மூடி.

1. ஓவனை 200 முதல் 220 டிகிரி சென்டிகிரேட் வரை முன்னதாகவே சூடேற்றவும்.

2. தண்டுகளைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் சிறிதும் இல்லாமல் துடைக்கவும். அடியில் வெளுத்து நாராயிருக்கும் பகுதியை வெட்டிவிடவும். பருமனான தண்டாயின் அடிப்பாதியின் தோலை மெல்லியதாகச் சீவலாம்.

3. அகன்ற தட்டில் பரப்பி, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கையால் புரட்டவும். பின்னர் ஒன்றன்மேல் ஒன்று படியாமல், இடைவெளி விட்டு ஒரே வரிசையாக அடுக்கவும்.

4. ஓவனில் வைத்து, மெல்லிய தண்டாயின் 8 முதல் 10 நிமிடமும், நடுத்தரமாயின் 12 நிமிடமும், பருமனாயின் 15 நிமிடமும் வாட்டவும். பாதி நேரத்தில் தட்டை ஒருமுறை குலுக்கிவிடவும்.

5. வெளியே எடுத்ததும் பரிமாறும் தட்டுக்கு மாற்றி, எலுமிச்சைச் சாறு பிழிந்து சூடாகப் பரிமாறவும். வாட்டிய கோழி, மீன், அவித்த முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் இது பொருத்தமான தொடுகறி.

காரணங்கள்

ஈரத்தை ஏன் துடைக்கவேண்டும்? திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. தண்டின்மேல் ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்பும் அந்த அளவிலேயே நிற்கும். ஓவனின் வெப்பமெல்லாம் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மேற்பரப்பு உலர்ந்து ஏறத்தாழ 140 டிகிரியை எட்டும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து, பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. இவ்வினையை 1912-இல் விளக்கியவர் லூயி காமீல் மைலார் என்னும் பிரெஞ்சு அறிஞர். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் காப்பிக்கொட்டை வறுபடும்போது மணப்பதும் பெரிதும் இவ்வினையாலேயே.

இடைவெளி ஏன்? ஆஸ்பராகஸில் நூற்றுக்கு 93 பங்கு நீர். சூடு ஏறியதும் அந்நீர் ஆவியாக வெளிவரும். தண்டுகள் நெருங்கிக் கிடந்தால் ஆவி இடையில் தங்கி, உலர்வெப்பம் ஈரவெப்பமாகிவிடும். நாம் வாட்ட நினைத்தது அவிந்துவிடும்.

எண்ணெய் ஏன்? மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தட்டின் சூட்டைத் தண்டுக்குச் சீராகக் கொண்டுசேர்க்கிறது. நுனி கருகிச் சுருங்குவதையும் குறைக்கிறது. மிகுந்தால் பிசுபிசுப்பே மிஞ்சும்.

எலுமிச்சையை ஏன் இறுதியில் சேர்க்கவேண்டும்? பச்சையத்தின் நடுவே மக்னீசியம் அணு ஒன்று உள்ளது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது நீங்கி, பசுமை மாறிப் பழுப்புப் பச்சையாகிவிடும். அளவுக்கு மேல் வேகவைத்தால் புளிப்புச் சேர்க்காமலே இம்மாற்றம் நிகழும். தண்டிலேயே சிறிது இயற்கையான அமிலம் உள்ளதே காரணம்.

நிறுத்தும் நேரம்

கடிகாரம் வழிகாட்டுமேயன்றி முடிவு சொல்லாது. கத்தி முனையால் அடிப்பாகத்தைக் குத்தினால் சிறு தடையோடு இறங்கவேண்டும். இடுக்கியால் நடுவில் பிடித்துத் தூக்கினால் தண்டு சற்றே வளையவேண்டும். துவண்டு தொங்கக் கூடாது. வெளியே எடுத்தபின்னும் சூடான தட்டிலேயே விட்டால் மேலும் வேகும். அதனால்தான் உடனே வேறு தட்டுக்கு மாற்றச் சொல்கிறோம்.

சத்துக்களும் இதில் அடங்கியுள்ளன. 100 கிராம் பச்சை ஆஸ்பராகஸில் ஏறக்குறைய 20 கலோரியும், 2 கிராம் புரதமும், 2 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. இரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலிக் சத்தும் நிறைந்துள்ளது. இச்சத்து நீரில் கரைவது. வேகவைத்து நீரை வடித்தால் அதன் ஒரு பகுதி வீணாகிறது. ஓவனில் வாட்டும்போது வடிக்கும் நீரே இல்லை.

தோழியரே, இவ்விதிகள் ஆஸ்பராகஸுக்கு மட்டும் உரியவையல்ல. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பின்னரே நறுக்கும்படி நம் அன்னையர் சொல்வதிலும், வதக்கும்போது சட்டியை நிரப்பாதே என்பதிலும் இதே அறிவியல் அடங்கியுள்ளது. ஓவன் உள்ள வீட்டில் காலிஃபிளவரையும் காரட்டையும் இதே முறையில் வாட்டிப் பார்க்கலாம். துடைப்பதும் இடைவெளி விடுவதும் அவற்றிற்கும் பொருந்தும், நேரம் மட்டும் கூடுதலாகும்.

ஒரு தண்டு நம் தட்டுக்கு வருமுன் ஓர் உழவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார். ஒவ்வோராண்டும் தளிர் வரும்போதே போதுமென்று கத்தியைக் கீழே வைத்திருக்கிறார். அவ்வளவு உழைப்பில் விளைந்ததை ஐந்து நிமிடக் கவனக்குறைவால் நாம் வீணாக்கலாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் பெரியோர். ஆகவே அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அடுப்படியை விட்டு அகலாதிருப்போம். உரிய நேரத்தில் இறக்கி, சூடு ஆறுமுன் அன்புடன் பரிமாறுவோம்.