சீனி வருத்தமும் கண்ணும்: கீரை என்ன செய்யும்?

சீனி வருத்தம் உள்ளவர்களிடம் கண்ணைக் காட்டினீர்களா என்று நாங்கள் கேட்டால், "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்கிறார்கள். ஆனால் இந்தப் பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது.

கண்ணுக்குள் பின்பக்கத்தில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. இரத்தத்தில் சீனி பல வருஷம் கூடியே இருந்தால், அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும். கண் உயிரணுக்களும் கெடும்.

முருங்கைக் கீரை, பொன்னாங்காணி போன்ற பச்சைக் கீரைகளில் லூட்டீன் என்ற பொருள் உண்டு. விழித்திரைக்குத் தேவையான இதை நம் உடம்பு தானாக உண்டாக்காது, சாப்பாட்டில்தான் கிடைக்கும். தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் உடம்பில் நன்றாகச் சேரும். நாம் பறிக்கும் கொழுந்தில் கேட்டச்சின் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் எலிகளின் கண் உயிரணுக்களை இப்படிப்பட்ட பொருள்கள் ஓரளவு காத்திருக்கின்றன. மனிதருக்கு இவை மருந்து என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆகவே கீரை சாப்பிடுங்கள், குளிசையை நிறுத்தாதீங்க. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டால் கொழுந்தின் நன்மை எங்கே போகும்?

சீனியைக் கட்டுப்படுத்துவதே பெரிய காவல். இன்சுலின் ஊசியில் வாழும் நோயாளர் பற்றி 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், கண் பாதிப்பு இல்லாமல் சேர்ந்து சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அப்பாதிப்பு வரும் அபாயம் 76 வீதம் குறைந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள்; சில மணி நேரம் கண் மங்கும், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். நேரத்தோடு கண்டால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். ஒரு நாள் பேர் போனால் மறுநாள் போடலாம். போன பார்வையைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.